பாவிச்ச ஃபோர்வீல் டிரைவுக்கு எவ்வளவு குடுக்கலாம்?



போன எபிசோடின் கடைசியில், தங்கச்சிக்குப் பழைய பஜெரோ வாங்க ஸ்ப்ரெட்ஷீட் போட்ட கதையைத் தொடங்கிவிட்டு, நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மெசேஜ் எல்லாம் அதைப் பற்றித்தான். ஒரு மணித்தியாலம் மூச்சுப் பிடித்துக் கதைத்த விஷயத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, இந்தக் கிழமை கடிதம் அதுதான். நான் இருப்பது சிட்னியில். அதனால் சட்டதிட்டம் எல்லாம் நியூ சவுத் வேல்ஸ் கணக்கு. வேறு இடத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கோ.

முதலில் நான் ஏமாந்த கதை. 2021. கையில் நல்ல கொன்ட்ராக்ட், நாட்டின் எல்லை மூடிக் கிடக்குது, காசைச் செலவழிக்க இடமில்லை. சிட்னியில் பாதிப் பேருக்கு வந்த ஆசை எனக்கும் வந்தது: ஒரு ஃபோர்வீல் டிரைவ் வாங்கி ஸ்டொக்டன் பீச் மணலில் ஓட வேண்டும். கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன் என்ற திமிர் வேறு. ஒரே இரவில் இருந்து நாற்பது விளம்பரத்தின் விலையை எடுத்துச் சராசரி பார்த்தேன். 19,400 டொலர். எனக்கு ஒன்று 18,500க்குக் கிடைத்தது. தொளாயிரம் டொலர் மிச்சம் பிடித்தேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எட்டு மாதம் கழித்து ரெஜோ புதுப்பிக்க பிங்க் ஸ்லிப் எடுக்கப் போனேன். மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, என்னைக் கீழே கூப்பிட்டு, ஸ்க்ரூடிரைவரால் செசியைக் குத்திக் காட்டினார். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது. படகைக் கடலில் இறக்கி ஏற்றப் பாவித்த காராக இருக்கும் என்றார். உப்புத் தண்ணீர் தின்ற இரும்புக்கு மேல் யாரோ கறுப்புப் பூச்சு புதிதாக அடித்து, என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது அந்தக் கறுப்பைப் பார்த்து "அடியெல்லாம் எவ்வளவு துப்புரவு" என்று சந்தோசப்பட்டவன் நான்தான். வெட்டி ஒட்டுகிற செலவு காரின் பெறுமதியைத் தாண்டிவிட்டது. கடைசியில் உடைத்து விற்கிற இடத்தில் 3,000 டொலருக்குக் கொடுத்தேன். அப்பா ஒரு சொல்லுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அதனால், போன வருசம் சித்தியின் மகள் "அண்ணா, நீங்கதான் டேட்டா ஆள், எனக்கு ஒரு விலை சொல்லுங்கோ" என்று வந்தபோது வயிறு கலங்கியது. அவள் நேர்ஸ். படித்து முடித்து முதல் வேலை, மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில். தார் ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல் மண். மழை பெய்தால் சாதாரண கார் அப்படியே அமர்ந்துவிடும். படிக்கிற காலத்தில் சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்து சேர்த்த 15,000 டொலர்தான் மொத்தக் கையிருப்பு. எனக்குப் போன காசு என் காசு. இது அப்படியில்லை.

பட்டியலில் கிடக்கிற விலை ஏன் பொய் சொல்கிறது

நாற்பது விளம்பரத்தின் சராசரியில் என்ன பிழை? கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அது தெரியாமல்தான் நான் விழுந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு கிழமையும் பத்துக் கார் புதிதாக விளம்பரத்துக்கு வருகிறது என்று வையுங்கோ. அதில் எட்டு நியாயமான விலை. அவை ஒரு கிழமையில் விற்றுப் போகும். இரண்டு அறா விலை. அவை எட்டுக் கிழமை கிடக்கும். இப்போது ஏதோ ஒரு நாள் இரவு நீங்கள் தளத்தைத் திறக்கிறீர்கள். நியாய விலைக் கார் எட்டு இருக்கும். அறா விலைக் கார் எட்டுக் கிழமையாகச் சேர்ந்து பதினாறு இருக்கும். வருகிற காரில் ஐந்தில் ஒன்றுதான் அறா விலை, ஆனால் நீங்கள் பார்க்கிற பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். அதன் சராசரியை எடுத்துவிட்டு "சந்தை விலை இதுதான்" என்று நம்பினால், விற்காத காரின் விலையைத்தான் சந்தை விலை என்று எடுக்கிறீர்கள்.

புள்ளியியல் படித்தவர்களுக்கு இது இன்ஸ்பெக்ஷன் பரடொக்ஸ். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் எப்போதும் நீண்ட இடைவெளியில்தான் மாட்டுவார் என்பதும் இதே கணக்கு. அம்மாவுக்கு இதை விளக்கப் போனேன். அவ பாதியில் நிறுத்தி, "பதினொரு மணிக்குச் சின்னக்கடைக்குப் போனா கிடக்கிற மீனைப் பாத்து மீன் விலை சொல்லலாமோ?" என்றா. யாழ்ப்பாணத்துச் சந்தையில் விடிய வந்த நல்ல மீன் எட்டு மணிக்கே போய்விடும். நான் நாலு வருசம் யூனியில் படித்ததை அவ ஒரு வசனத்தில் முடித்துவிட்டா.

எனவே விலையைப் பார்க்கக் கூடாது. விலை எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டு ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணியோடு இருந்து, ஒரே மொடல் விளம்பரங்களைக் கையால் எழுதினேன். ஸ்கிரிப்ட் எழுதலாமே என்று கேட்பீர்கள். அந்தத் தளங்களின் விதிகள் அதை விடாது. தவிர, எட்டுக் கிழமையில் சேர்ந்தது 61 வரி. அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதி மெயின்டெயின் செய்வது மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. தொழிலில் இதைத்தான் தினமும் செய்கிறோம் என்பது வேறு விஷயம்.

எழுதியது: வருசம், கிலோமீட்டர், கேட்கிற விலை, முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள், விலை குறைத்ததா, தனியாளா டீலரா, சேர்விஸ் புத்தகம் பற்றிச் சொல்லியிருக்கிறதா. முதல் ஞாயிறு பட்டியலின் நடுவிலை 15,900. இரண்டு கிழமைக்குள் மறைந்த விளம்பரங்களின் நடுவிலை 12,800. மறைந்தது எல்லாம் விற்றது என்று இல்லை. சிலர் மனம் மாறி எடுத்திருப்பார்கள், விற்றதும் கேட்ட விலைக்கே விற்றிருக்காது. ஆனாலும் மூவாயிரம் டொலர் வித்தியாசம், 15,000 வைத்திருக்கிற பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

ஏன் பஜெரோ?

அப்பா டொயோட்டா தவிர வேறு எதையும் கார் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். அவருக்குப் பஜெரோ என்றால் ஊரில் எம்.பி.மார் ஓடித் திரிந்த வாகனம், கொஞ்சம் கோபத்தோடுதான் பெயரைச் சொல்லுவார். ஆனால் இங்கே "டொயோட்டா வரி" என்று ஒன்று இருக்கிறது. அதே வயசு, அதே ஓட்டம் உள்ள பிராடோவுக்குப் பஜெரோவைவிடச் சில ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பங்கு நியாயம்தான்: எந்தக் குக்கிராமத்திலும் பாகம் கிடைக்கும், திருப்பி விற்றால் விலை நிற்கும். மிச்சம் பெயருக்குக் கொடுக்கிற காசு. பிராண்டின் பெயர் அந்த மொடலின் சராசரியைப் பற்றிச் சொல்லும். உங்கள் முன்னால் நிற்கிற காரைப் பற்றி அதுக்கு ஒன்றும் தெரியாது. புதுக் காரில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் சராசரி போதும். பதினைந்து வருசம் ஓடிய இரண்டு காருக்கு இடையில் இருக்கிற வித்தியாசம், இரண்டு பிராண்டுக்கு இடையில் இருப்பதைவிடக் கூட.

பெயருக்குள்ளும் பார்க்க வேண்டியது எஞ்சின். நல்ல உதாரணம் நிஸான் பட்ரோல் ஜி.யூ. ஒரே உடம்பு, ஒரே காலம், இரண்டு டீசல் எஞ்சின். ஒன்று 4.2 லீற்றர் டி.டி.42, மெதுவானது, பழைய கட்டமைப்பு, ஆனால் அடித்தாலும் சாகாது என்று பெயர். மற்றது 3.0 லீற்றர் இஸட்.டி.30, ஆரம்ப வருசங்களில் பிஸ்டன் உருகிப் போவதற்குப் பேர்போனது. வருசத்தையும் கிலோமீட்டரையும் மட்டும் வைத்து ஒரு மொடல் கட்டினால் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஒருத்தருக்கும் பொருந்தாத ஒரு விலையைத் தரும். பிராடோ 120இலும் அப்படித்தான்: 3.0 லீற்றர் டி-4டி டீசலில் இன்ஜெக்டரின் செப்பு வளையம் கசிந்தால், எரிந்த புகை எண்ணெய்க்குள் இறங்கி, கரி கட்டி, அடியில் எண்ணெய் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். எண்ணெய் ஏறாத எஞ்சின் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வளையம் மாற்றின ரசீது உள்ள பிராடோவும் இல்லாத பிராடோவும் ஒரே விலையாக இருக்க முடியாது.

நாங்கள் பார்த்த பஜெரோ 2009க்கும் 2014க்கும் இடைப்பட்டது, 3.2 லீற்றர் டீசல், 4எம்41 என்ற எஞ்சின். நல்ல எஞ்சின், ஆனால் ஒரு நோய்: டைமிங் செயின் வயதாக ஆகத் தளரும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் முதல் சில செக்கன் முன்பக்கத்தில் கடகட என்று சத்தம் கேட்கும். கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கராஜில் செயின் மாற்றக் கேட்ட விலை 3,600 டொலர். சக்ஷன் கன்ட்ரோல் வால்வும் போகும். கார் நின்ற இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும், ஆனால் அது சில நூறு டொலரில் முடிகிற வருத்தம். எந்த மொடல் என்றாலும், அதன் பெரிய நோய் எது, அதைத் தீர்க்க எவ்வளவு என்று இந்த இரண்டையும் காரைப் பார்க்கப் போக முதலே கேட்டு வைக்க வேண்டும்.

கிலோமீட்டரைப் பற்றி ஒரு சொல். என் 61 வரியில் 200,000 வரைக்கும் ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 400 டொலர் இறங்கியது. 250,000க்கு மேல் கோடு படுத்துவிட்டது. அதுக்கு மேல் வாங்குகிறவர்கள் ஓட்டத்துக்கு விலை வைப்பதில்லை, பராமரிப்புக்குத்தான் வைக்கிறார்கள். குறைய ஓடினது எப்போதும் நல்லது என்றும் இல்லை. பன்னிரண்டு வருசத்தில் 90,000 ஓடிய டீசல், பள்ளிக்கூட வாசலுக்கும் கடைக்கும் மட்டும் போய், ஒருநாளும் வடிவாகச் சூடாகாமல் இருந்திருக்கலாம். எண்ணெயும் ரப்பரும் கிலோமீட்டரைப் பார்த்துப் பழுதாவதில்லை.

இன்னொன்று: விளம்பரத்தில் இல்லாதது. சேர்விஸ் புத்தகம் உள்ளவர் முதல் வரியிலேயே எழுதுவார். எழுதாவிட்டால் "தெரியாது" என்று போடாதீர்கள். "இல்லை" என்று போடுங்கோ. டேட்டாவில் காலியாகக் கிடக்கிற கட்டம் சும்மா காலியாகக் கிடப்பதில்லை.

ஒரு காரின் கணக்கு

முதலில் பார்க்கப் போன கார் 2011, 228,000 கிலோமீட்டர், கேட்கிற விலை 14,500. நான் எப்போதும் செய்கிற கணக்கு இதுதான்: இதே மொடலில் குறை இல்லாத ஒரு கார் விற்கிற விலையில் தொடங்கு. இந்தக் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு செலவோ அதைக் கழி.

தொடக்கம் 12,800. அது புத்தகம் உள்ள, செயின் மாற்றிய, டயர் நல்ல கார் என்று எடுத்துக்கொண்டேன்.

டயர்களின் ஆழம் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 1116 என்றால் 2016ஆம் வருசம் 11ஆவது கிழமை செய்தது. இவ்வளவு வயசான ரப்பரில் அவளை இரவில் நூற்றுப் பத்தில் ஓட விடமாட்டேன். நாலு டயர், 1,400. கியர்பொக்ஸ், டிஃப் எண்ணெய்கள் எப்போது மாற்றினது என்று அவருக்கே ஞாபகமில்லை: 600. ரெஜோ இரண்டு மாதம்தான் மிச்சம். இவ்வளவு பாரமான காருக்கு ரெஜோவும் கிரீன் ஸ்லிப்பும் வருசத்துக்கு ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும், அதனால் 400 கழித்தேன்.

பிறகு செயின். நாங்கள் போய் இறங்கியபோது கார் சூடாக இருந்தது. கழுவுவதற்காக இப்பத்தான் எடுத்தேன் என்றார். இருக்கலாம். ஆனால் முதல் நாளே மெசேஜில் "ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கோ" என்று கேட்டிருந்தோம். பொனெட்டில் கை வைத்துப் பார்க்கிறது முரட்டுத்தனம் இல்லை. தானமாகத் தருகிற மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, இது காசுக்கு. மாற்றின ரசீது இல்லை, சத்தமும் கேட்க முடியவில்லை. அரைக்கு அரை வாய்ப்பு என்று வைத்து 3,600இல் பாதி, 1,800 கழித்தேன்.

கூட்டவும் வேண்டியிருந்தது. புல் பார், மேலே ரொஃப் ரக், பின்னால் ஃபிரிஜ் வைக்கிற தட்டு, இரண்டாவது பற்றரி. "இதுக்கெல்லாம் ஒன்பதாயிரம் செலவழிச்சனான்" என்றார். நம்புகிறேன். ஆனால் அது அவருடைய பொழுதுபோக்குக்கு அவர் கொடுத்த விலை. நேர்ஸ் பிள்ளைக்குத் தேவையானது கங்காரு பாய்ந்தால் தாங்குகிற புல் பார் மட்டும்தான். 700 கூட்டினேன். சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தால் கூட்டுவதற்குப் பதில் யோசித்திருப்பேன். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம், இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும்.

மொத்தம் 9,300. நாங்கள் 9,500 கேட்டோம். அவர் சிரித்தார், கோபிக்கவில்லை. "ஒன்லைனில் எல்லாம் பதினாறு போகுது, பாருங்கோ" என்று ஃபோனைக் காட்டினார். அவர் காட்டிய மூன்று காரும் என் ஷீட்டில் ஆறாவது கிழமையாகக் கிடந்தவை. அதைச் சொல்லவில்லை. நன்றி சொல்லி வந்துவிட்டோம்.

வரும் வழியில் தங்கச்சி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. "அண்ணா, செயினுக்குப் பாதி கழிச்சீங்கள். ஆனா அது போனா எனக்குப் பாதி பில் வராதுதானே?" வராது. முழுசாக 3,600 வரும், அல்லது ஒன்றும் வராது. வாய்ப்பையும் செலவையும் பெருக்குகிற கணக்கு, நூறு கார் வாங்கி விற்கிற டீலருக்குப் பொருந்தும். அவருக்கு ஒன்றில் போனது இன்னொன்றில் வரும். ஒரே ஒரு கார் வாங்குகிற ஆளுக்கு இரண்டாவதாக ஒரு கோடும் தேவை: மோசமானது நடந்தால் தாங்குவேனா? எனக்கு 3,600 போனால் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு இரண்டு மாதம் முகம் சுளிப்பேன். அவளுக்குப் போனால் வேலைக்குப் போக வழியில்லை. ஆகவே 15,000ஐ அப்படியே விலையாகப் பார்க்கக் கூடாது. 3 வீத ஸ்டாம்ப் டியூட்டி, பெயர் மாற்றும் கட்டணம், இன்சூரன்ஸ், தொடக்க சேர்விஸ், அதுக்கு மேல் தொடவே கூடாத 2,000. உச்சவரம்பு 12,000 என்று எழுதி அவள் ஃபோனில் ஒட்டி வைத்தோம். ஒரே கார் எனக்கு நியாய விலையாகவும் அவளுக்கு இல்லாமலும் இருக்கலாம் என்பதை அன்றுதான் நான் யோசித்தேன்.

டீலரிடம் வாங்கினால் பாதுகாப்பு இல்லையா என்று சித்தி கேட்டா. இந்த மாநிலத்தில் டீலர் சட்டப்படி தர வேண்டிய மூன்று மாத வாரண்டி, பத்து வருசத்துக்குக் குறைந்த, 160,000 கிலோமீட்டருக்குள் ஓடிய காருக்குத்தான். நாங்கள் பார்க்கிற வயசுக்கு அது கிடையாது. பொதுவான நுகர்வோர் சட்டம் டீலரைக் கட்டுப்படுத்தும், தனியாளை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாது. அதுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கொடுக்கலாமா என்றால், நான் கொடுக்கமாட்டேன். விக்டோரியாவில் விலை கூடத் தெரிந்தால் உடனே ஏங்காதீர்கள். அங்கே ரெஜோவோடு விற்கிறவர் ரோட்வேர்தி எடுத்துத் தர வேண்டும், அந்தச் செலவும் விலைக்குள் இருக்கும். இங்கே ரெஜோ உள்ள கார் பிங்க் ஸ்லிப் இல்லாமலே கைமாறலாம். அந்த எட்டு மாதத்தில்தான் நான் செத்தேன்.

வாங்கியது

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வியாழன் இரவு புது விளம்பரம். 2010, 246,000 கிலோமீட்டர், 12,600. காரவன் இழுத்து நாடு சுற்றிய வயதான தம்பதி, இனிச் சுற்ற இயலாதாம். வெள்ளி காலையே அழைத்தோம். சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனபோது கண்ணாடியில் பனி அப்படியே இருந்தது. காரை எங்களுக்காகத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தோம், சத்தம் இல்லை. மேசையில் ஒரு தடித்த ஃபைல். 190,000இல் செயின் மாற்றிய ரசீது. கியர்பொக்ஸ் எண்ணெய், காரவன் இழுப்பதால் அடிக்கடி மாற்றியிருக்கிறார். ரசீதுகளின் திகதியையும் கிலோமீட்டரையும் அங்கேயே இருந்து வரிசைப்படுத்தினேன்; ஒரு இடத்திலும் மீட்டர் பின்னுக்குப் போகவில்லை.

நான் டொர்ச்சோடு தரையில் படுத்தேன். இந்த முறை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல், விரலால்தான். தூசி, பழைய எண்ணெய்க் கறை, ஆங்காங்கே மேலோட்டமான துரு. புதுப் பூச்சு இல்லை. அந்த அழுக்கைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசம் ஒருத்தருக்கும் விளங்காது. பிறகு பக்கத்துச் சரளைக்கல் பாதையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, லோ ரேஞ்சுக்கு மாற்றினோம். பல பேர் வருசக் கணக்காக இதைத் தொடுவதே இல்லை, தேவைப்படுகிற நாளில் விழாது. தார் ரோட்டில் அந்த நிலையைச் சோதிக்காதீர்கள். நடு டிஃப் பூட்டியிருக்கும்போது பிடிப்பான தரையில் திருப்பினால் கியர் பகுதி இறுகும். லைட் மினுங்கி நின்றது, கார் நத்தை போல் ஊர்ந்தது. சரி.

அதோடு விடவில்லை. காருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை முந்நூறு டொலர் அளவில் கொடுத்துக் கூட்டி வந்தோம். அவர் டிஃப் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இது கறுப்பாகத்தான் வந்தது. பின்பக்க டயர் இரண்டும் பாதி என்றார். காசு மாற்றுவதற்குச் சற்று முன், பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் வின் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். அரசின் சொந்தத் தளத்தில் 2 டொலர். அதையே பல மடங்கு விலைக்கு விற்கிற தளங்கள் தேடலில் மேலே வரும், கவனம். காருக்கு மேல் கடன் இருந்தால், களவு போனதாக இருந்தால், எங்காவது ரைட்-ஓஃப் ஆகிப் பதிவாகியிருந்தால் அதில் வரும். கடனோடு வாங்கினால் கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து காரை எடுக்கலாம். வாங்குகிற நாளில், அல்லது முதல் நாளில்தான் பார்க்க வேண்டும்; போன மாதம் பார்த்தது செல்லாது.

கணக்கு: 12,800இல் தொடங்கி, வயசுக்கும் ஓட்டத்துக்கும் 500, டயருக்கு 500 கழித்து, ரெஜோ ஒன்பது மாதம் இருந்ததால் 200 கூட்டினால், சரியாக 12,000. தங்கச்சி 11,700 கேட்டாள். அந்த அம்மா கணவரைப் பார்த்தா, அவர் ஃபைலைப் பார்த்தார். 12,000இல் முடிந்தது.

திரும்பி வரும்போது அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "மலிவா வாங்கேல்லையே அண்ணா?" இல்லை, மலிவாக வாங்கவில்லை. செயினுக்கு ஒருத்தர் ஏற்கனவே கட்டிய காசில் ஒரு பங்கைக் கொடுத்து, இரவில் நித்திரை கொள்கிற உரிமையை வாங்கினோம். அவளுக்கு இது அப்போது விளங்கவில்லை. எனக்குமே, 2021இல் யாராவது சொல்லியிருந்தால் விளங்கியிருக்காது.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். சிவப்பு மண் அப்பிய பஜெரோ, பின்னால் ஒரு மரமும் இல்லாத சமவெளி. அடுத்த படம் அந்த ஃபைல். தன் முதல் சேர்விஸ் ரசீதைக் கடைசியில் சேர்த்திருக்கிறாள், கிலோமீட்டரைக் கையால் பெரிதாக எழுதி.

இதை எழுதுவதற்காக நேற்றுப் பழைய ஷீட்டைத் திறந்தபோது, அந்த முதல் காரையும் ஒருக்காத் தேடிப் பார்த்தேன். இன்னும் கிடக்கிறது. இப்போது 12,990, "அவசர விற்பனை" என்று சிவப்பில் போட்டு. உங்களில் யாராவது பார்க்கப் போனால், பொனெட்டில் கை வைத்துப் பாருங்கோ.